ஃபோர் வீல் ஷாஃப்ட் அடிபட்டால் செய்வதா, மாற்றுவதா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஃபோர் வீல் வைத்திருக்கும் பலருக்கும் அது வேலைக்கான வண்டி. செம்பனைத் தோட்டத்துக்குள் உரம் ஏற்றிப் போக, குலை எடுத்து வர, லாசா ஊரைத் தாண்டி குவாலா மூ, போஸ் பியா பக்கம் உள்ள ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்களுக்கு அரிசியும் கேஸ் தோம்பும் கொண்டுபோக என்று உழைக்கிற வண்டிகள் அவை. அந்த உழைப்பில் அதிகமாக அடி வாங்குவது வண்டிக்கு அடியில் சுழலும் புரப்பெல்லர் ஷாஃப்ட்தான். வெட்டிப் போட்ட மட்டை எகிறி அடிக்கும், பழைய மரத்தின் அடிக்கட்டை இடிக்கும், மழையில் அரித்த பாதையில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் பட்டறையில் வந்து நிற்கும்போது கேள்வி ஒன்றுதான்: இருப்பதைச் செய்துகொள்வதா, வேறு ஷாஃப்ட் போடுவதா?

பெரும்பாலும் இதற்கான பதிலை விலை தீர்மானித்துவிடுகிறது. குறைந்த விலை சொன்னவரிடம் வண்டியை விட்டுவிட்டு வருகிறோம். என் கருத்து வேறு. கெட்டுப்போனது ஷாஃப்டின் எந்த உறுப்பு என்று தெரிந்துகொள்ளாமல் விலை கேட்பதில் பயனில்லை. இணைப்பில் இருக்கும் கிராஸ் தேய்ந்ததற்கும், அதைத் தாங்கும் யோக்கின் துளை பெருத்ததற்கும் குழாய் நசுங்கியதற்கும் தனித்தனி வைத்தியம். ஒன்றுக்குச் சரியான மலிவான வழி, இன்னொன்றில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கியர்பாக்ஸை ஒட்டியிருந்து இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட், பின் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட். நீளமான டபுள் கேப் வண்டிகள் பலவற்றில் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ரப்பர் வளையத்துக்குள் ஒரு பேரிங் அதைத் தாங்கும். ஷாஃப்ட் என்பது உள்ளே வெறுமையான இரும்புக் குழாய். அதன் முனைகளில் இரண்டு காது கொண்ட யோக். யோக்குகளை இணைப்பது கூட்டல் குறி வடிவில் இருக்கும் கிராஸ். கிராஸின் நான்கு முனைகளிலும் சிறிய மூடிகள், ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசி போன்ற உருளைகள். வில் (ஸ்பிரிங்) ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைய வேண்டும் அல்லவா, அதற்காக ஓரிடத்தில் பல் வெட்டிய ஸ்பிளைன் இணைப்பு இருக்கும். இவ்வளவுதான் ஷாஃப்ட்.

எது கெட்டது என்று பார்க்க வண்டியைச் சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். செம்மண்ணில் வேண்டாம், ஜாக் புதைந்து சாயும். எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் போங்கள். ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அதற்கடுத்த யோக்கையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் அசைந்தால் அது அச்சின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் கியரின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி, அளவோடு இருந்தால் பயமில்லை. இரண்டும் தனித்தனியாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது. மூடியைச் சுற்றிச் சிவப்புத் துருப் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றிப் பல நாளாகிவிட்டது என்று அர்த்தம். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் சத்தம் வருவதும் இதே நோய்தான். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்டால், கிராஸ் அல்லது ஸ்பிளைன் தேய்ந்திருக்கலாம்.

குழாய் நசுங்கியதோ வளைந்ததோ வேறு மாதிரி வெளிப்படும். தோட்டத்துக்குள் ஒன்றும் தெரியாது. ஈப்போவுக்குப் போக நெடுஞ்சாலை ஏறியதும் இருக்கையும் தரையும் அதிர ஆரம்பிக்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 உள்ள ஒரு பிக்கப்பில், டயர் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,700 சுற்று சுற்றுகிறது. தோட்டப் பாதையில் 20 கிலோமீட்டரில் போகும்போது சுமார் 600 சுற்றுதான். சமநிலை தவறிய ஷாஃப்டின் உதறல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் உதறல் நான்கு மடங்கு. 600 சுற்றில் தெரியாத குறை 2,700-இல் இருபது மடங்காகிவிடும்.

தோட்டத்துக்குள் சோதனை வேறு. அங்கே வேகம் இல்லை, முறுக்கு இருக்கிறது. இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் அதை நான்கு மடங்காக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் இன்னும் இரண்டரை மடங்காக்கும். ஆக 2,000 நியூட்டன் மீட்டர் ஷாஃப்டுக்கு வருகிறது. முன்சக்கரம் ஒன்று காற்றில் தொங்கினால் முன் அச்சு எதையும் தாங்காது, கிட்டத்தட்ட மொத்தமும் பின் ஷாஃப்ட் மேல் விழும். எங்கள் வட்டாரத்து வண்டி காலையில் முறுக்கையும் மாலையில் வேகத்தையும் சந்திக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி இந்த இரண்டிலும் தேற வேண்டும். ஒன்றில் மட்டும் தேறுவதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

கிராஸ் மட்டும் தேய்ந்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. கிராஸை மாற்றுங்கள், ஷாஃப்டை வைத்துக்கொள்ளுங்கள். முழு ஷாஃப்டையும் மாற்றச் சொல்லும் பட்டறையிடம் காரணம் கேளுங்கள். கழற்றிய கிராஸின் முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஊசி உருளைகள் பதிந்த வரிப் பள்ளம் நகத்தில் தட்டும். தட்டினால் கிரீஸ் அடித்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். ஷாஃப்டின் ஒரு முனையில் கிராஸ் போயிருந்தால் மறுமுனையையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. இரண்டும் ஒரே சேற்றில் ஓடியவை, கழற்றும் வேலையும் ஒன்றுதான்.

புதிய கிராஸ் வாங்கும்போது வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் மூடியின் விட்டத்தையும், மூடியிலிருந்து எதிர் மூடி வரையுள்ள நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கும். ஜிஎம்பி, கோயோ போன்ற பெயர்பெற்ற ஜப்பானியத் தயாரிப்புகளுக்கும் பெயர் தெரியாத பெட்டியில் வருவதற்கும் இருக்கும் விலை வித்தியாசம், ஷாஃப்ட் இரண்டு முறை கழற்றும் கூலிக்கு முன் ஒன்றுமே இல்லை. கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் உள்ளதா, இல்லாததா என்ற கேள்வியும் வரும். நிப்பிளுக்காகத் துளையிட்ட கிராஸ் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். ஆனாலும் ஆற்றில் இறங்கும் வண்டிக்கு நான் நிப்பிள் உள்ளதையே சொல்வேன். உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிரீஸ் அடித்து வெளியே தள்ள வேறு வழியில்லை.

மாற்றும் வேலையில் கெடுவது பெரும்பாலும் யோக்தான். சுத்தியலால் காதை ஓங்கி அடித்தால் காது விரியும், துளை கோணும். பிரஸ்ஸோ, வலுவான வைஸும் சாக்கெட்டுமோ போதும். மூடியை அழுத்தும்போது உள்ளே ஓர் ஊசி சரிந்து அடியில் படுத்துக்கொண்டால் மூடி முழுதாக இறங்காது, அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பும் பள்ளத்தில் உட்காராது. அந்த நேரத்தில் இன்னும் பலமாக அழுத்தக் கூடாது, வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்த வேண்டும். டொயோட்டாவின் பல பட்டறைக் கையேடுகள் கிராஸின் நீளவாட்டு ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அதற்காகவே கிளிப்புகள் வெவ்வேறு தடிமனில் கிடைக்கின்றன, எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஒரே தடிமனைப் போட வேண்டும்.

இன்னொன்று. கழற்றுவதற்கு முன், ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளேஞ்சிலும் ஸ்பிளைனின் இரு பக்கத்திலும் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். கிராஸ் கோணத்தில் சுழலும்போது மறுபக்கம் ஒரே சீரான வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 20 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சுமார் 6 விழுக்காடு. ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தால், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டினால் ஈடு கெட்டு, புதுக் கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக அதிரும். "புதுசு போட்டும் ஆடுதுண்ணே" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கோடு போட்டார்களா என்றுதான்.

வெல்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யோக் துளை பெருத்து மூடி உள்ளே சுழல ஆரம்பித்தால், மூடியைச் சுற்றி நாலு இடத்தில் வெல்டு வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சூட்டில் கிரீஸ் எரிந்துபோகும், சீல் உருகும், ஊசி உருளைகள் கடினத்தன்மையை இழக்கும். அடுத்த முறை கிராஸ் மாற்றவும் முடியாது. ஷாஃப்டைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்து வெல்டு அடித்தால், மின்சாரம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொரிப்பொரியாகப் பள்ளம் விழும். வண்டி ஊருக்குள் மெதுவாக ஓடும், அதனால் வேலை நன்றாக இருப்பதாகத் தோன்றும். முதல் கியர் லோவில் 2,000 நியூட்டன் மீட்டர் வரும் அன்று தெரியும். பின் ஷாஃப்டின் முன்முனை அறுந்து ஓடும் வண்டிக்கு அடியில் தரையில் குத்தினால், அது வண்டியின் பின்பாதியைத் தூக்கிவிடும். காட்டில் சிக்கி நடந்துவர வேண்டிய நிலைமையில் இதை ஒரு நாள் செய்து, நடந்து போகும் வேகத்தில் ஓட்டி வெளியே வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்த பிறகும் அதையே வைத்து ஓட்டுவது தவறு.

குழாய் மட்டும் நசுங்கியிருக்கிறது, யோக்கும் ஸ்பிளைனும் நன்றாக இருக்கின்றன என்றால், குழாய் மாற்றுவதே முதல் தரமான வழி. பழைய குழாயை லேத்தில் வெட்டி எடுத்து, யோக்கின் கழுத்தில் புதுக் குழாயை இறுக்கமாக ஏற்றி, சுற்றிலும் வெல்டு வைத்து, டயல் கேஜில் ஓட்டம் (சுழலும்போது குழாய் நேர்கோட்டிலிருந்து விலகும் அளவு) பார்த்து, மெஷினில் சுழற்றி பேலன்ஸ் செய்ய வேண்டும். இந்த வெல்டும் மேலே திட்டிய வெல்டும் ஒன்றல்ல. இது கழற்றிய ஷாஃப்டில், கிராஸ் இல்லாமல், நேர்கோடு பார்த்துச் செய்வது, தொழிற்சாலையிலும் குழாயையும் யோக்கையும் வெல்டு வைத்துத்தான் இணைக்கிறார்கள். ஓட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு டொயோட்டா கையேடுகளில் பரவலாகக் காணும் எல்லை 0.8 மில்லிமீட்டர். பட்டறையில் இரண்டு கேள்வி கேளுங்கள். போடப்போவது ஷாஃப்டுக்கென்றே வரும் குழாயா, தண்ணீர்க் குழாயா? பேலன்ஸ் செய்யும் மெஷின் அவர்களிடமே இருக்கிறதா, அல்லது எங்கே அனுப்புகிறார்கள்? இரண்டில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விடுங்கள். தடித்த குழாய் போடலாமா என்று கேட்பார்கள். கல் இடியைத் தாங்கும், போடலாம், ஆனால் பேலன்ஸை விட்டுக்கொடுக்கக் கூடாது.

யோக் துளை பெருத்திருந்தாலோ, ஸ்பிளைன் பல் தேய்ந்து மேலும் கீழும் ஆடினாலோ குழாய் மாற்றிப் பயனில்லை. இங்கேதான் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் விற்கும் பொட்டோங் கடை கைகொடுக்கும். பாதியாக வெட்டி வந்த ஹாஃப் கட் வண்டியிலிருந்து எடுத்த அசல் ஷாஃப்ட், பெயர் தெரியாத புதுத் தயாரிப்பைவிட நம்பகமானது என்பது என் எண்ணம். குழாயும் யோக்கும் நசுங்காமல் துருவேறாமல் இருந்தால் வயதாகிக் கெடுவதில்லை. கெடுவது கிராஸ். அதனால் பொட்டோங் ஷாஃப்ட் வாங்குவது என்றால், அதில் இருக்கும் கிராஸைக் கணக்கில் எடுக்காமல், புதுக் கிராஸ் விலையையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கடை முதலாளி தவுக்கே "கிராஸ் நல்லா இருக்கு, அப்படியே மாட்டிக்கோ" என்றாலும் சரி. அந்த வண்டி ஓடாமல் கிடந்த காலத்தில் ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்தித் துருப்பிடித்திருக்குமா என்பது வெளியிலிருந்து தெரியாது.

நீளத்தில் கவனம் வேண்டும். மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியின் ஷாஃப்டும் ஆட்டோ வண்டியின் ஷாஃப்டும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அளவு மாறும். உங்கள் வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து எதிர் ஃபிளேஞ்ச் முகம் வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளம் கூடினால் வில் அழுந்தும்போது ஸ்பிளைன் முட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை இடிக்கும். குறைந்தால் பல் கோர்த்திருக்கும் தூரம் போதாது, பள்ளத்தில் அச்சு தொங்கும்போது ஷாஃப்ட் கழன்றே வரலாம். வில்லை உயர்த்திய வண்டிக்காரர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

முற்றிலும் புதிய அசல் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் விலை கூடியது, பழைய மாடலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் நேரும். உத்தரவாதத்தில் இருக்கும் புது வண்டிக்கு அதுவே சரி. பழைய உழைப்பாளி வண்டிக்கு அந்தப் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுவதை நான் விரும்புவேன்.

என் மச்சானின் ஹைலக்ஸ் இப்போது இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. பின் ஷாஃப்டில் குழாய் நசுங்கல், ஒரு முனையில் யோக் துளையும் நீள்வட்டமாகிவிட்டது. "மச்சான், ரெண்டு பக்கமும் வெல்டு வச்சுட்டா மழைக்காலம் முடியுற வரைக்கும் ஓடாதா?" என்றார். வாரம் தவறாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறவர் அவர். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அடியில் என்ன சுழல்கிறது என்று தெரியாது, அவர்கள் இவரை நம்பி ஏறுகிறார்கள். யோக்கும் போய், குழாயும் போய், ஸ்பிளைனின் மறுபாதி மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் செய்வதற்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை. பொட்டோங் ஷாஃப்ட், அதற்குப் புதுக் கிராஸ்கள், போட்டபின் நெடுஞ்சாலையில் 90-இல் ஓட்டிப் பார்த்து அதிர்ந்தால் மட்டும் பேலன்ஸ் என்று சொன்னேன். நடு பேரிங்கின் ரப்பரும் கிழிந்திருந்தது. ஷாஃப்ட் கீழே இறங்கியிருக்கும்போதே அதையும் மாற்றிவிடச் சொன்னேன்.

அதுவரை வண்டி நிற்க வேண்டுமா? தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஷாஃப்ட் கெட்டால், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கர ஓட்டத்தில் தார்ச் சாலையில் தாராளமாக ஓட்டலாம். பின் ஷாஃப்டைக் கழற்றினால் 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போட்டு முன்சக்கரத்தில் மெதுவாகப் பட்டறை வரை போகலாம், சுமை ஏற்றக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகிய வகை ஷாஃப்டாக இருந்தால் அந்த வாயை அடைக்காமல் ஓட்டக் கூடாது, எண்ணெய் ஒழுகிவிடும். பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீரிஸ், டிஃபெண்டர் வண்டிகளின் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருந்து பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் வண்டி நிற்காது.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வீகோ, டிரைட்டன், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களில் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டுக்குக் கணக்கு வேறு. அங்கே கிராஸ் இல்லை, குண்டுகள் உருளும் சிவி ஜாயின்ட். அதைக் காப்பது ஒரு ரப்பர் உறை, செம்பனை மட்டையின் முள் அதைக் கிழித்துவிடும். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்த அன்றே உறையை மாற்றி, பழைய கிரீஸை முழுதாகக் கழுவி, புதுசு அடைத்தால் அசல் ஜாயின்ட் இன்னும் பல காலம் ஓடும். முழு வளைவில் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் உறை மாற்றுவது வீண், உள்ளே மணல் அரைத்து முடித்துவிட்டது. அப்போது ஜாயின்டையோ ஷாஃப்டையோ மாற்றத்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும், மாட்டிய பிறகு முதல் ஓட்டம் முடிந்ததும் ஃபிளேஞ்ச் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஆற்றில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் நான்கு மூடியிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். வண்டி கழுவும்போது தண்ணீர் ஜெட்டை கிராஸின் சீல் மேல் நேராகப் பிடிக்க வேண்டாம். செம்மண் பாதை முடிந்து தார் ஏறும் இடத்தில் மறக்காமல் 4எச்சிலிருந்து 2எச்சுக்கு மாற்றுங்கள். காய்ந்த தாரில் முன்னும் பின்னும் பூட்டியபடி திருப்பினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும், அந்த முறுக்கு முழுவதும் இப்போதுதான் காசு கொடுத்துப் போட்ட கிராஸில் போய் விழும்.